முரசுக்குக் குந்திரிக்கம், கொடுப்புக்குள் பாக்கு



இந்தக் கிழமை ஒரே வாட்ஸ்அப் செய்தி எனக்கு நாலு குரூப்பில் வந்துவிட்டது. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் சேர்த்து அரைத்த தூளாம். முரசில் இரத்தம், வாய்ப்புண், ஆடுகிற பல், வாய்க்குள் வெள்ளைத் திட்டு எல்லாம் மாறுமாம். மேலே "நபிவழி மருத்துவம்" என்று பச்சை எழுத்து. கீழே விலையும் போன் நம்பரும்.

நியாயத்தை முதலில் சொல்கிறேன். இந்தப் பிசின்கள் வெறும் கதை இல்லை. வெள்ளைப்போளத்தை வாய்ப்புண்ணுக்குப் பழங்காலம் தொட்டே பாவிக்கிறார்கள். கிரேக்கத்தின் கியோஸ் தீவில் மஸ்தகிப் பிசினை நூற்றாண்டுகளாக வாய் மணக்க மெல்லுகிறார்கள். அந்தத் தொழிலறிவை யுனெஸ்கோ 2014இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கொப்பளித்தால் இதமாக இருக்கும். கர்ப்பிணிகள் மட்டும் வெள்ளைப்போளத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஆனால் முரசில் இரத்தம் ஏன் வருகிறது? பெரும்பாலும் பல்லடியில் படிகிற அழுக்கால். அது இறுகிக் காரையானால் எந்தத் தூளும் கரைக்காது, பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சீனி வருத்தம் கூடினாலும் முரசு பழுதாகும். தூள் போட்டு இரத்தம் நின்றால் நோயும் நின்றது என்று இருந்துவிடுகிறோம்.

வெள்ளைத் திட்டு அதைவிடப் பயங்கரம். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வெளியிட்டுவிட்டது. நம் ஊரில் கடலுக்குப் போகிறவரும் தோட்டத்தில் நிற்கிறவரும் நித்திரை வராமலிருக்க வெற்றிலை போடுகிறார்கள். ஒரு கொடுப்பில் பாக்கு, மறு பக்கம் குந்திரிக்கம். இதற்குப் பெயர் வைத்தியமா?

நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது மிஸ்வாக்கை. புண் வருமுன்னே, அன்றாடம் பல தடவை வாயைச் சுத்தம் செய்கிற பழக்கம் அது. நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளவும் சொன்னார்கள். அந்தப் பெயரைப் போத்தலில் ஒட்டி விற்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "இரண்டு கிழமையில் புண் மாறாவிட்டால் யாரிடம் போகச் சொல்கிறீர்கள்?"

பதிலை நான் சொல்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம். காசு இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் மாறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே போய்க் காட்டுங்கள்.

பிள்ளைகளே, இன்றிரவு வாப்பாவின் வாயைப் போன் வெளிச்சத்தில் ஒருதரம் பாருங்கள். அந்தத் தூள் செய்தி வந்த குரூப்பிலேயே இதையும் போடுங்கள்.