பசியா, பழக்கமா?

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கும் உத்தியோகஸ்தர் ஒருவரைக் கவனியுங்கள். பட்டணத்தில் பகல் சாப்பாடும் ஆயிற்று, நான்கு மணி டிபனும் ஆயிற்று. பசிக்க நியாயமே இல்லை. ஆயினும் மாடம்பாக்கம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கையில் பஜ்ஜி வேகும் வாசனை வருகிறது. கால்கள் தாமாகவே அப்பக்கம் திரும்புகின்றன.

இதை நாக்கின் சபலம் என்று ஏசிவிடுவது சுலபம். ஏசுவதால் ஆகும் பயனை நான் காண்கிலேன். ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ், ஆகாரம் கொண்டுவருபவனின் காலடியோசை கேட்ட மாத்திரத்திலேயே நாய்களுக்கு வாயூறுவதைக் கண்டார். ஆகாரம் இன்னும் வரவில்லை. அதன் அடையாளம் வந்தது, அதுவே போதும். நமக்கோ அடையாளங்கள் எத்தனை! கடிகாரம், டெலிவிஷன், மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சு, தனிமை. விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயர்களிடம் முறுக்கு டப்பாவைப் பற்றி விசாரியுங்கள்; இடக்கை எத்தனை தரம் அதற்குள் போய் வந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

விஷயம் வேடிக்கையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவ்வளவும் பஜ்ஜியின் கைங்கரியம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரையும், உட்கார்ந்தே பார்க்கும் உத்தியோகமும் உண்டு. ஆனால் தட்டு மட்டுமே நம் கைவசம் இருப்பது.

காந்தியடிகள் 1915-ல் கல்கத்தாவில் பூபேந்திரநாத பாசுவின் இல்லத்தில் தங்கினார். அப்போது அவருடைய ஆகாரம் பழங்களும் கொட்டைகளுமே. அதற்குமேல் என்ன கட்டுப்பாடு வேண்டும் என்று தோன்றும். உபசாரத்தில் குறை வைக்காத அவ்வீட்டுப் பெண்டிர் இரவெல்லாம் கண்விழித்துக் கொட்டைகளை உரித்தார்கள். தட்டில் தினுசுகள் பெருகின. ரங்கூனில் இராச் சாப்பாட்டு வேளையும் தள்ளிப்போயிற்று. பின்னர் ஹரித்வாரக் கும்பமேளாவின்போது அவர் விரதம் பூண்டார்: ஒரு நாளில் ஐந்து பண்டங்களுக்கு மேல் இல்லை, இருட்டிய பின் உண்பதில்லை. நாக்கை அடக்குவேன் என்று பொதுவாகச் சொல்லாமல், ஆசையைத் தூண்டிய எண்ணிக்கைக்கும் வேளைக்கும் வரம்பு கட்டினார் என்பதைப் பாருங்கள். உபசரிப்பவர்கள் வற்புறுத்தவும் அதன் பின் இடமில்லை.

அவ்வளவு கடும் விரதம் குடும்பஸ்தருக்கு வேண்டியதில்லை. ஒரு வாரம், வேளையல்லா வேளையில் உண்டதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: மணி என்ன, எவ்விடம், அருகில் யார், மனம் எப்படியிருந்தது. பெரும்பாலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அந்த ஒன்றை மாற்றினால் போதும். உத்தியோகஸ்தர் ஸ்டேஷனின் மறு வாசலால் வெளியேறலாம். மிக்சர் டப்பா பரணுக்கு ஏறலாம்; ஏணி போட்டு எடுப்பதற்குள் ஆசை பாதி தணிந்துவிடும்.

ஆனால், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் பகல் மூன்று மணிக்குத் தனியே உட்கார்ந்து கொறிக்கும் தாய்க்கு, டப்பாவை ஒளித்து வைப்பதால் ஒன்றும் ஆகாது. அவள் தேடுவது தின்பண்டமன்று. வெயில் தாழ்ந்ததும் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டே தேனுபுரீசுவரர் கோயில் வரை நடந்து வரட்டும். பிள்ளைகளும் அந்த மூன்று மணிக்கு ஒரு டெலிபோன் செய்யட்டும்.