கல்லடுக்கும் கண்மணிகள்

குற்றாலத்திலே சாரல் காலம். அருவியிலே ஆர்ப்பரிக்கிறது கூட்டம். கீழே சிற்றாற்றங்கரையிலே ஒரு சிறுவன் கூழாங்கற்களை வரிசையாக அடுக்குகிறான். அழைத்தால் திரும்பான். "பித்து! தாய் வளர்த்த லட்சணம்!" என்று பழிக்கிறது ஊர். அருவியிலே தலைகாட்டினால் தெளியுமாம்!

பித்தல்ல தோழரே, ஆட்டிசம்! மூளை வளரும் வகையிலே ஒரு வேறுபாடு. 1943-லேயே லியோ கானர் என்ற மருத்துவர் எடுத்துரைத்தார். தாயின் பாசக்குறைவே காரணமென்று மேலைநாட்டு மேதைகளும் பிதற்றியதுண்டு. அது பொய்யென்று பின்னர்த் தெளிந்தது. நமது ஊனமுற்றோர் சட்டமோ 1995-லே அந்தப் பெயரையே மறந்தது. 2016-லே வந்த புதுச் சட்டந்தான் சேர்த்துக்கொண்டது.

அவனருகே அமர்ந்து பாரும். அவன் ஒரு கல் வைத்தால் நீரும் ஒன்று வையும், பிறகு பொறுத்திரும். "அடுத்து உமது முறை" என்பதுபோல் அவன் கை ஒரு நொடி காத்திருக்கிறதே, அதுவன்றோ முதற்பாடம்! குளிப்பாட்டும்போது "ஊற்றட்டுமா?" என்று குவளையை நிறுத்துவதும், சோறூட்டும்போது அவன் கேட்கட்டுமெனக் காத்திருப்பதும் பாடமே. கட்டணம்? பொறுமை ஒன்றுதான், அதுதான் கூலிக்குப் போகும் தாய்க்குக் கிடைப்பதில்லை!

தென்காசியை அடுத்த ஆய்க்குடியிலே, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இராமகிருஷ்ணன் 1981-லே தொடங்கியது அமர் சேவா சங்கம். வளர்ச்சியிலே பின்தங்கிய மழலையரின் வீடு தேடிப் பணியாளரை அனுப்புகிறது. பெற்றோருக்கே பயிற்சி தருகிறது.

ஒரு சங்கத்தால் இயலும்போது, அரசாங்கத்தின் ஒவ்வோர் அங்கன்வாடியிலும் இயலாதா? மேடையிலே முழங்கும் நாம் (நானுந்தான்!) நமது தெரு அங்கன்வாடிக்குச் சென்று, "இத்தகைய குழந்தை வந்தால் என்ன செய்வீர்?" என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?