உங்களைப் பற்றிக் கொஞ்சம்

டெல்லி ஷாஜகான் சாலையில் இருக்கிறது தோல்பூர் ஹவுஸ். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அலுவலகம். சிவில் சர்வீஸ் தேர்வின் கடைசிக் கட்டமான நேர்முகத் தேர்வு நடக்கும் இடம். 2013 முதல் இதற்கு 275 மதிப்பெண். மெயின் எழுத்துத் தேர்வுக்கு 1,750. நாள் கணக்கில் எழுதிச் சேர்த்ததை அரை மணி நேரப் பேச்சு கரையேற்றலாம், கவிழ்க்கவும் செய்யலாம்.

இன்டர்வியூ என்றதும் இளைஞர்கள் முதலில் தயாரிப்பது 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கான பதிலைத்தான். பயிற்சி மையங்களில் இதற்கென்று ஒரு வாய்ப்பாடே புழங்குகிறது. பெயர், ஊர், படிப்பு, அப்பாவின் தொழில். பிறகு, கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போகிறவன். பலவீனம்? எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது! ஒப்பிக்கும்போது கண்கள் கூரையைப் பார்க்கின்றன. காலையிலிருந்து இதே பல்லவியைக் கேட்கும் போர்டு உறுப்பினர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த விவரங்கள் அவர்களுக்குத் தேவையே இல்லை. விண்ணப்பதாரர் நிரப்பிய விரிவான படிவத்தின் விவரங்கள் மேஜை மேல் இருக்கின்றன. ஊர், பள்ளி, பெற்றோர் தொழில், பொழுதுபோக்கு எல்லாம் அதில் உண்டு. பொது அறிவை மறுபடி சோதிப்பது நோக்கமல்ல, குறுக்கு விசாரணையும் அல்ல, குறிக்கோளுடன் நடக்கும் இயல்பான உரையாடல் என்றே தேர்வு விதிகள் சொல்கின்றன. ஆக, காகிதத்தில் இல்லாத ஏதோ ஒன்றைச் சொல்வதுதான் அறிமுகம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்க் கரை கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, முறை பார்த்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர். மகன் படிவத்தில் 'விவசாயம்' என்று எழுதி முடித்துவிடுகிறார். கூச்சம்தான் காரணம். வேலைக்குக் கூலியாக நெல் வாங்கிய வீடு என்பதை ஏ.சி. அறையில் எப்படிச் சொல்வது? 'எங்கள் பகுதி வறட்சியான பகுதி' என்று அவர் தொடங்கினால் அது புவியியல் பாடம். 'தண்ணீர் குறைந்த வருஷத்தில் யார் வயலுக்கு முதலில் என்று என் அப்பா முடிவு செய்வார், திட்டும் அவருக்குத்தான் விழும்' என்று சொன்னால் உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நீர்ப் பங்கீடு, சாதி, பஞ்சாயத்து என்று கேள்விகள் வரும். எல்லாம் அவர் அறிந்தவை.

ஆனால் எத்தனை மடை, முறை எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். தெரியாதென்றால் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஏழ்மையைக் கடை விரிப்பதும் உதவாது.

தன்னைப் பற்றிப் பேசுவதே தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் ஒன்று கைகொடுக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், தன்னைத்தானே புகழ்வது தகாது என்று விதித்துவிட்டு, புலவர்களுக்கு மட்டும் நான்கு விலக்கு தருகிறது. அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவே, சபையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. வேலைக்கான விண்ணப்பம் முதல் வகை. இன்டர்வியூ அறை சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை. புலவர்களுக்குத் தந்த சலுகையைப் பட்டதாரிகள் கொஞ்சம் கடன் வாங்கினால் பவணந்தியார் கோபிக்க மாட்டார்.

மெயின் தேர்வைத் தமிழில் எழுதியவர் நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே தரலாம். மொழிபெயர்ப்பாளர் உடன் இருப்பார். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'வந்து', 'போய்', 'பார்த்து' என்று நீட்டிக்கொண்டே போனால், முற்று வரும்வரை மொழிபெயர்ப்பாளர் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி உதிர்ந்துவிடும். சின்னச் சின்ன வாக்கியங்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். 'அயராத உழைப்பும் தளராத ஊக்கமும்' போன்ற மேடைச் சொற்கள் ஆங்கிலத்தில் வெறும் சக்கையாக வந்து நிற்கும். மடையும் நெல்லும் எந்த மொழிக்குப் போனாலும் மடையும் நெல்லும்தான்.

மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. அறிமுகக் கலைக்கு இப்போது பெரிய பதவிகளிலும் தனியார் கம்பெனிகளிலும்தான் வேலை.

தோல்பூர் ஹவுஸில் சில சமயம் அந்தக் கேள்வி வராமலே போகலாம். தலைவர் காகிதத்தைப் புரட்டியபடி, 'உங்கள் ஊர்க் கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் இருக்கிறதா?' என்று ஆரம்பித்துவிடுவார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் அப்போதும் 'என் பெயர்...' என்றுதான் தொடங்குவார்.