பூமி கவசத்தில் 2 மணி நேர 'விரிசல்': சூரியப் புயலால் குந்தாவில் கரண்ட் போகுமா?

குந்தா:
சூரியப் புயல் வருது என்று வாட்ஸ்அப்பில் தகவல் பரவினாலே, பவர் ஹவுஸ்கள் நிறைந்த குந்தாவுக்கு ஆபத்தா என்ற கேள்வி எழும். பக்கத்து ஊட்டியில் நடந்த ஆய்வு இதைப் புரிய வைக்கும்.

அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகும் 'மியூவான்' துகள்களை இரவு பகலாக எண்ணி வருகிறது. 2015 ஜூன் 22-ந்தேதி அந்த எண்ணிக்கை திடீரென எகிறியது. 2 மணி நேரம் நீடித்தது.

கவசம் அமுங்கியது

சூரியன் கக்கிய மின்துகள் மேகம், மணிக்கு சுமார் 25 லட்சம் கி.மீ. வேகத்தில் பூமியின் காந்தக் கவசத்தில் மோதியதே காரணம். கவசம் அமுங்கி பலவீனமானதால், வழக்கமாக திருப்பி விடப்படும் கதிர்களும் உள்ளே புகுந்தன. 2016-ல் ஆய்வு வெளியானதும் 'விரிசல்' என்று செய்தி பரவியது. ஆனால் ஓட்டை எதுவும் விழவில்லை. கவசம் பழைய நிலைக்குத் திரும்பி விட்டது.

கனடா இருண்டது

குந்தா மின் திட்டத்துக்கு உதவிய நாடு கனடா. அதே கனடாவின் கியூபெக் மாகாணம், 1989 மார்ச் 13-ந்தேதி சூரியப் புயலால் 9 மணி நேரம் இருண்டது. 60 லட்சம் பேர் தவித்தனர். காந்தப்புலம் ஆட்டம் காணும்போது, நீண்ட மின்பாதைகளில் வேண்டாத மின்சாரம் பாய்வதே இதற்கு காரணம்.

துருவப் பக்கம்தான் இந்த ஆட்டம் அதிகம். நீலகிரியோ பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கிறது. எனவே குந்தாவுக்கு ஆபத்து மிகக் குறைவு. செயற்கைக்கோள், ஜி.பி.எஸ். பாதிக்கலாம். ஆனால் இங்கே கரண்ட் போனால், சூரியனைப் பார்க்க வேண்டாம். கம்பியில் மரம் சாஞ்சிருக்கான்னு பார்த்தால் போதும்!