பள்ளிக்கூட ஆயாவுக்கும் ஜெயில் உண்டு! அதை அவருக்குச் சொன்னது யார்?

பள்ளிக்கூடத்தில் ஒரு விபரீதம் நடந்துவிட்டால் போலீஸ் யார் யாரைப் பிடிக்கும்? தாளாளரை, தலைமை ஆசிரியரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆயாவையும் பிடிக்கும். வேனில் கூட வருகிற அம்மாவையும் பிடிக்கும். மாதக்கடைசியில் கையெழுத்துப் போட்டுச் சொற்பச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் சட்டத்தில் பெரிய இடம் இருக்கிறது. இது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை!

2022 மார்ச் 28-ந்தேதி சென்னை ஆழ்வார்திருநகரில் 2-ம் வகுப்புச் சிறுவன், தான் வந்த பள்ளி வேனே மோதி இறந்தான். டிரைவர் கைதானார். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் கைதானார்.

கும்பகோணத்தை மறக்க முடியுமா? 2004 ஜூலை 16-ந்தேதி 94 பிஞ்சுகள் கருகின. 2014-ல் தஞ்சாவூர் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தண்டனை பெற்றவர்களில் சத்துணவு அமைப்பாளரும் சமையல்கார அம்மாவும் இருந்தார்கள். 2017-ல் ஐகோர்ட்டு தண்டனையைக் குறைத்தது வேறு விஷயம். "நான் சமையல்காரி, எனக்கென்ன தெரியும்" என்ற பேச்சு கேஸில் எடுபடாது என்பதைக் கவனிக்கணும்.

தண்ணீர் தரலையா? ஆறு மாசம்!

இப்போது பல பள்ளிகளில் ஊனமுற்ற பிள்ளைகளும், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கிறார்கள். நல்ல காரியம். அவர்களுக்கென்று சிறப்பு ஆசிரியர், உதவியாளர், ஆயா என்று ஆட்கள் இருக்கிறார்கள். ஊட்டிவிடுவது, பாத்ரூம் கூட்டிப்போவது, எழுத உட்கார வைப்பது எல்லாம் இவர்கள் வேலை.

"தண்ணி குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வரும், யார் கழுவுறது?" என்று சில இடங்களில் பிள்ளைக்குத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். கேட்டால் சாதாரண விஷயம் மாதிரி சிரிக்கிறார்கள். சாதாரண விஷயமா இது? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92-வது பிரிவைப் பாருங்கள். தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே சாப்பாடோ தண்ணீரோ தராவிட்டால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில், அபராதமும் உண்டு. நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலும் அதே தண்டனைதான்.

அடிக்கிற கதை தனி. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே அடி, மனத்துன்பம் இரண்டையும் தடை செய்துவிட்டது. 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் வேலை செய்கிறவர் கொடுமை செய்தால் 5 வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். ஐந்து லட்சம்! ஆயாம்மா எங்கே போவார்? அஜாக்கிரதையால் உயிர் போனால் 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் 5 வருஷம் வரை. பழைய சட்டத்தில் இது 2 வருஷமாக இருந்தது.

தலைமை ஆசிரியரிடம் சொன்னால் போதாது

எல்லாவற்றிலும் முக்கியமானது போக்சோ. ஒரு பிள்ளை பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது யார்? உடுப்பு மாற்றிவிடுகிற ஆயாதான். வாய் பேச முடியாத பிள்ளை என்றால் அவரை விட்டால் வேறு சாட்சியே இல்லை. அவர் பயந்துபோய் "பெரியம்மாவிடம்" சொல்வார். பெரியம்மா "வெளியே சொல்லாதே, ஸ்கூல் பேர் கெட்டுப்போயிடும்" என்பார். விஷயம் அங்கேயே புதைந்துவிடும்.

சட்டம் அப்படி விடுவதில்லை. தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாகணும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிர்வாகி மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் கேஸ் போட முடியாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கடைசி வரி ஒன்று மட்டும் ஆயாக்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ விஷயம் வெளியே வந்திருக்கும்!

ஆயாவை விட்டுவிடு என்று நான் எழுதவில்லை. வாயில்லாப் பிள்ளையைக் காப்பாற்றச் சட்டம் கடுமையாகத்தான் இருக்கணும். ஆனால் சொல்லிக்கொடுக்காமல் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? 2020-ம் வருஷத்துப் போக்சோ விதிகளே சொல்கின்றன: பள்ளியில் ஆசிரியர், ஆயா, காண்டிராக்ட் ஆள் என்று பாகுபாடில்லாமல் எல்லோரையும் போலீஸ் மூலம் விசாரிக்கணும், அவ்வப்போது பயிற்சி தரணும். இது நிர்வாகத்தின் வேலை. ஆயாவின் வேலை அல்ல.

சிறப்பு ஆசிரியர் நிலைமையும் சுகமில்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் அந்த வேலை பார்த்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் என்று 1992-ம் வருஷத்துச் சட்டம். சரி, பதிவு செய்தாச்சு. தொடக்கப்பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021 அக்டோபரில் சொன்னது. ஆனால் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒருவரைப் பள்ளி பள்ளியாகச் சுற்றவிட்டால் எந்தப் பிள்ளைக்கு அவர் பொறுப்பு? திங்கட்கிழமை இங்கே, செவ்வாய்க்கிழமை அங்கே. புதன்கிழமை பிள்ளை கீழே விழுந்தால் யார் மேல் கேஸ்?

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றே ஒரு தாள், தமிழில். இன்னின்ன பிள்ளை உங்கள் பொறுப்பு, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இதைச் செய்யக்கூடாது, தப்பு நடந்தால் இந்த ஸ்டேஷனுக்கு அல்லது 1098-க்குப் போன் செய்யுங்கள். கீழே நிர்வாகியின் கையெழுத்து, ஆயாவின் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். இதைக்கூடத் தராத பள்ளிக்குக் கல்வி அதிகாரி நோட்டீஸ் அனுப்பணும்.

பெற்றோரும் சும்மா இருக்க வேண்டாம். பீஸ் கட்டப் போகும்போது ஆபீசில் கேளுங்கள்: "என் பிள்ளையைப் பார்த்துக்கிற ஆயா யாருங்க? அவங்களுக்குப் பயிற்சி கொடுத்தது எப்போ?"