புடென்மாவின் நிபந்தனை

ஜப்பானின் தெற்குக் கோடியிலுள்ள ஒகினாவா, அத்தேசத்தின் நிலப்பரப்பில் 0.6 சதவிகிதந்தான். ஆனால் ஜப்பானில் அமெரிக்க சைன்யம் தனக்கென்றே வைத்துக்கொண்டிருக்கும் நிலத்தில் சுமார் 70 சதவிகிதம் அங்கே இருக்கிறது. அதில் ஒரு துண்டு, கினோவான் நகரின் நட்டநடுவே சுமார் 480 ஹெக்டேரில் கிடக்கும் புடென்மா ஹெலிகாப்டர் நிலையம். நகரத்தில் ஏறக்குறையக் கால் பங்கை அது விழுங்கியிருக்கிறது. சுமார் ஒரு லக்ஷம் ஜனங்கள் அந்நகரில் வசிக்கிறார்கள்.

நிலையம் முன்னமே இருந்தது, ஜனங்கள் பின்னால் வந்து குடியேறிவிட்டு இப்பொழுது இரைச்சலென்று குறை கூறுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. இது சரித்திரம் அறியாதார் கேள்வி. 1945க்கு முன் அவ்விடத்தில் வயல்களும் வீடுகளும் இருந்தன. கிராம ஆபீஸும் பள்ளிக்கூடமும் பைன் மரச் சாலையும் இருந்தன. அவ்வருஷம் ஒகினாவா யுத்தத்தின்போது அமெரிக்கப் படை அவற்றை மட்டமாக்கி, ஜப்பானின் பிரதான தீவுகளைத் தாக்குவதற்கான குண்டு விமானங்களுக்கென்று ஓடுபாதை போட்டது. முகாம்களிலிருந்து திரும்பிய கிராமவாசிகள் தங்கள் நிலத்தைச் சுற்றி வேலியைக் கண்டார்கள். வேலிக்கு வெளியே அகப்பட்ட இடத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். பின்னால் வந்து குடியேறியவர் யார்? 1972ல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பிய பிறகும் வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒகினாவாவில் தங்கியுள்ள மரீன் துருப்புகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் இறக்குவதே இந்நிலையத்தின் வேலை. டாய்வான் சமீபத்தில் இருப்பதால் இடம் முக்கியமானது என்கிறார்கள் ராணுவ நிபுணர்கள். இருக்கலாம். சீனாவின் கடற்படை வளர்ந்துவருவது கற்பனையல்ல. ஜப்பானுக்குப் பாதுகாப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் சுமை ஒரு சிறு தீவின் தலையில் மாத்திரம் ஏறுவானேன்?

2004 ஆகஸ்ட் 13ந் தேதி ஒரு பெரிய ஹெலிகாப்டர் நிலையத்தை அடுத்துள்ள ஒகினாவா சர்வதேச சர்வகலாசாலையின் கட்டிடத்தில் மோதி விழுந்து எரிந்தது. தெய்வாதீனமாக ஊர் ஜனங்களில் எவரும் சாகவில்லை. அமெரிக்கச் சிப்பாய்கள் அவ்விடத்தைச் சூழ்ந்துகொண்டு, ஜப்பானியப் போலீஸாரையே உள்ளே விசாரிக்க விடவில்லை. சொந்த மண்ணில் சொந்தப் போலீஸ் வேலிக்கு வெளியே நிற்பதற்கு என்ன பெயர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1995ல் மூன்று அமெரிக்கப் படையினர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திக் கெடுத்த கொடுமையால் தீவு முழுதும் கொதித்தெழுந்தது. அதன் பலனாக 1996 ஏப்ரலில், ஐந்து முதல் ஏழு வருஷங்களுக்குள் புடென்மா திருப்பித் தரப்படும் என்று இரு சர்க்கார்களும் வாக்களித்தன. ஆனால் ஒரு நிபந்தனை: ஒகினாவாவிலேயே வேறிடம் வேண்டும். வடக்கே ஹெனோகோவில் கடலைத் தூர்த்து ஓடுபாதை அமைப்பதென்று முடிவாயிற்று. கிட்டத்தட்ட முப்பது வருஷங்கள் ஓடிவிட்டன. கடலடி மண்ணோ சேறுபோல் இளகியது. ஆயிரக்கணக்கான தூண்களை இறக்கி அதைக் கெட்டிப்படுத்த வேண்டியிருக்கிறது.

2019 பிப்ரவரியில் நடந்த ஜன வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவிகிதம் பேர் இந்தத் தூர்ப்பு வேண்டாம் என்றார்கள். டோக்கியோ நிறுத்தவில்லை. கவர்னர் அனுமதி மறுத்தபோது, நியாயஸ்தலத்தின் உத்தரவு பெற்று, 2023 டிசம்பரில் மத்திய மந்திரியே அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டார். இரைச்சல் வழக்குகளிலோ நீதிபதிகள் நஷ்டஈடு கொடுக்கச் சொல்வார்கள். பறப்பதை நிறுத்தச் சொல்லமாட்டார்கள். அமெரிக்கப் படையின் நடவடிக்கை ஜப்பான் சர்க்காருக்குக் கட்டுப்பட்டதல்லவாம். தீங்கை ஒப்புக்கொண்டு விலையும் நிர்ணயித்தபின் அதைத் தொடரவிடும் இந்த நியாயம், சட்டம் படித்த நமக்கும் விளங்கவில்லை.

புடென்மாவைத் திருப்புவதும் ஹெனோகோவைத் தூர்ப்பதும் வேறு வேறு விஷயங்கள். இரண்டையும் டோக்கியோ இன்றே பிரிக்கலாம். 2017 டிசம்பரில் ஹெலிகாப்டரின் ஜன்னல் ஒன்று வேலியை ஒட்டிய ஆரம்பப் பள்ளியின் மைதானத்தில் விழுந்தது. அப்போது அங்கே பிள்ளைகள் இருந்தார்கள்.