மாத்தம்மாக்களுக்காக வாதாடப் போவது யார்?

நகரி, புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத் தமிழர்களுக்கு "மாத்தம்மா" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நோயுற்ற பெண் குழந்தை பிழைத்தால் அம்மனுக்கு விடுவதாக நேர்ந்து, கோவிலில் தாலி கட்டிவிடுவார்கள். அதன்பின் அவளுக்குத் திருமணம் கிடையாது. மாதிகா, அருந்ததியர் ஏழைக் குடும்பங்களில் இருந்து வரும் வழக்கம் இது. பருவமடைந்த பின் அவளைத் தேடி வரும் ஆண்கள் எவரும், பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் என்று கையெழுத்திடுவதில்லை.

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய போராட்டத்தின் பயனாக 1947ல் வந்த சென்னை மாகாணச் சட்டம், அன்று அம்மாகாணத்தில் இருந்த சித்தூர் ஜில்லாவுக்கும் பொருந்தியது. 1988ல் ஆந்திரம் தனிச் சட்டம் செய்தது. அப்படியும் 2017ல் திருவள்ளூர், சித்தூர் பகுதிகளில் இவ்வழக்கம் தொடர்வதாக வந்த புகாரின் பேரில், தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது.

கோளாறு எங்கே? 1988ம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டும் சடங்கை நடத்துவோரைத் தண்டிக்கிறது. அவர்கள் பெற்றோரானால் தண்டனை இன்னும் கடுமை. ஆக, புகார் செய்யும் பெண் முதலில் தன் தாயையே சிறைக்கு அனுப்பியாக வேண்டும். எந்தப் பெண் போலீஸ் நிலையப் படியேறுவாள்? பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஊரே அவளை மாத்தம்மா என்றுதான் கூப்பிடுகிறது!

தண்டனையை மட்டும் நம்பியிராமல் நிவாரணத்தையும் கேட்பதே இனி செய்யத்தக்கது. குற்றவாளி அகப்படாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ம் ஆண்டுத் திட்டப்படி, பலாத்காரத்திற்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் மூன்றாண்டு காலவரம்பு குறுக்கே நிற்கிறது. பதின்மூன்று வயதில் சீரழிக்கப்பட்டு இன்று நாற்பதைத் தாண்டியவள் என்ன செய்வாள்? தக்க காரணமிருந்தால் தாமதத்தை மன்னிக்க அத்திட்டமே இடம் தருகிறது. மாத்தம்மாக்களைவிடத் தக்க காரணம் உடையவர் யார்?

பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் உதவி உண்டு. திருமணமின்றிப் பிறந்த குழந்தைக்கும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு. இந்த மனுக்களை எழுதிக் கொடுக்க, தெலுங்கும் தமிழும் அறிந்த வக்கீல்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் ஏராளம். எல்லை தாண்டித் திருவள்ளூரில் வாழும் பெண்களுக்காகவும் இவர்கள் அங்குள்ள வக்கீல்களோடு சேர்ந்து மனுச் செய்யலாம்.